இடம்

டேப் கிழிபடும் சத்தம் என்றால்
மாரிட்டுக்கு உயிர்.
சாமான் கட்ட வந்தவர்களில் ஒருவர், துஷான்,
அதைக் கண்டுபிடித்துவிட்டார்.
கட்டி முடித்த பெட்டிக்கும் இன்னொரு சுற்று
ர்ர்ரக் என்று.
சோபா போன இடத்தில் உட்கார்ந்து
பதினொரு வயதுப் பெண் கைதட்டிச் சிரிக்கிறாள்.
இந்த வீட்டில் இன்று
சந்தோஷமாயிருப்பது அவள் ஒருத்திதான்.

வெளியே வாட்டர்டவுனில்
ஏப்ரல் மாதத்துப் பனி கறுத்துக் கிடக்கிறது.
ரொசால்வா முகாமில் கையெழுத்துகளுக்கு அலைகிறாள்.
அவள் சார்ஜென்ட். நான் சார்ஜென்டின் கணவன்.
ஏழு வருடத்தில் நாலாவது ஊர் இனி.
போன தடவை கட்டியவர்கள்
குப்பைக்கூடையைக் குப்பையோடு கட்டினார்கள்.
கன்சாஸின் வாழைப்பழத் தோல்
நியூயார்க்கில் வந்து இறங்கியது
பத்திரமாக.

தொலைவது வேறு.

பதினாலு மாதம் காத்திருந்தோம்
சிரக்யூஸில் ஒரு நரம்பு மருத்துவருக்கு.
நேற்று போன்:
"மிஸ்டர் ஹால்வர்சன், உங்கள் முறை வந்துவிட்டது.
அடுத்த செவ்வாய் பத்தரைக்கு வரமுடியுமா?"
அடுத்த செவ்வாய் பத்தரைக்கு
ஓக்லஹோமாவில் எங்கோ ஒரு பெட்ரோல் பங்க்கில்
மருந்துப் பெட்டிக்கு ஐஸ் மாற்றிக்கொண்டிருப்பேன்.
"அடுத்தவருக்குக் கொடுங்கள்" என்றேன்.
அந்தப் பெண் கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு நன்றி சொன்னாள்,
நான் ஏதோ தானம் செய்ததுபோல.

துஷான் நீலக் கோப்பைத் தொட்டார்.
அது வேண்டாம், அது மடியில் வரும்.
நாலு கிலோ.
முதல் வலிப்பு வந்த இரவிலிருந்து எல்லாம் அதில்:
எந்த மருந்து அவளைத் தூங்கவைத்தது,
எது சுவரில் முட்டவைத்தது,
எந்தப் பள்ளி வாரத்துக்கு எத்தனை மணி நேரம்
பேச்சுப் பயிற்சி தருவதாக எழுதிக் கொடுத்தது,
எத்தனை தந்தது.
ஒவ்வொரு ஊரிலும் ஒரு புதியவர் அதைத் திறந்து
இரண்டாம் பக்கத்தில் மூடி
"சரி, நீங்களே சொல்லுங்கள்" என்பார்.
சொல்வேன். மனப்பாடம்.

எல் பாசோவில் வெயில் சுவருக்குள்ளும் இருந்தது.
மாரிட் மூன்று நாள் சாப்பிடவில்லை.
பெட்டி பிரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்றாள்,
காதைச் சாய்த்து.
கத்தியால் அறுக்கிற டேப்புக்குச் சத்தம் கிடையாது
என்பதை நான் புரிந்துகொள்ள
அந்த மூன்று நாள் ஆனது.
கடைக்குப் போய் ஆறு சுருள் வாங்கிவந்தேன்.
இரவு பதினொன்றுக்குக்
கட்டுவதற்கு ஒன்றுமில்லாத கூடத்தில் உட்கார்ந்து
கிழித்தேன்.
ஒரு கிழிசலுக்கு ஒரு வாய் கஞ்சி.

எங்களைப் போன்றவர்களுக்கென்று
ராணுவத்தில் ஓர் அலுவலகம் உண்டு.
நல்ல மனிதர்கள். தண்ணீர் கொடுத்தார்கள்.
பயிற்சி மையத்தின் பட்டியலில்
நாற்பத்தொன்றாவது ஆள் மாரிட்.
"எப்போது கிடைக்கும்?"
"சொல்வதற்கில்லை.
யாருக்காவது மாற்றல் வந்தால் நகரும்."

இடமாற்றம்.
இடத்தை மாற்றிவிடுகிறார்கள்.
இடம்தான் கிடைப்பதில்லை.
அன்றிரவு ரொசால்வாவிடம் இதைச் சொன்னேன்.
பூட்ஸைக் கழற்றாமலே தூங்கியிருந்தாள்.

ஜூலையில் ஒரு காலை
எதிர்வீட்டு வாசலில் லாரி.
யாரோ கட்டுகிறார்கள்.
ர்ர்ரக்.
மாரிட் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு ஓடினாள்.
ஜன்னல் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிவைத்துக்
கைதட்டினாள், கைதட்டினாள்.
கடைசியாக ஏறியது
ஒரு சின்ன சக்கர நாற்காலி.

நாற்பது
என்று முணுமுணுத்தது என் வாய்,
நான் தடுப்பதற்குள்.
அந்தப் பிள்ளை எங்கள் பட்டியலில் உண்டா
என்றுகூடத் தெரியாது எனக்கு.

லாரியருகே நின்ற அவன் அம்மா
நிமிர்ந்து பார்த்தாள்.
கைதட்டல் தங்களுக்கென்று நினைத்துக்கொண்டாள் போல.
கையிலிருந்த நீலக் கோப்பை
மற்ற கைக்கு மாற்றிக்கொண்டு
எங்களைப் பார்த்துக்
கையசைத்தாள்.